குட்டி சொல்பேச்சு கேட்கவில்லை: எதை முதலில் பார்ப்பது?

எங்கள் கடற்கரைப் பக்கம் புதிதாக நாய்க்குட்டி வாங்கிய வீடுகளில் இருந்து எனக்கு வரும் போன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "அண்ணே, இது சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குது. மக்குக் குட்டியைத் தலையில கட்டிட்டாங்களோ?" போய்ப் பார்த்தால் குட்டி நன்றாகத்தான் இருக்கும். கோளாறு வேறெங்கோ. வாசலைச் சாத்திவைக்கிற நேரம், ஒரு வீட்டில் நாலு பேர் நாலு விதமாகக் கூப்பிடுவது, காதுக்குள் ஒட்டியிருக்கும் உண்ணி, இப்படி ஏதாவது ஒன்று. ராஜபாளையம், சிப்பிப்பாறை, நம்ம ஊர் மண்டை நாய், லாப்ரடார், தெருவில் எடுத்து வந்தது, எதுவானாலும் இதே கதைதான்.

அதனால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் வீட்டில் நடப்பது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், மருத்துவர் கடைசியில் வருவார். அந்த வரிசையிலேயே பாருங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. குட்டி சாப்பிடாமல் சுருண்டு கிடக்கிறது, வாந்தி எடுக்கிறது, ரத்தம் கலந்து குடலைப் புரட்டும் நாற்றத்தோடு பேதி போகிறது என்றால் கீழே உள்ள எதையும் படிக்க வேண்டாம். பார்வோ என்கிற வைரஸ் நோயாக இருக்கலாம், குட்டியின் உயிரையே எடுத்துவிடும். அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள், நாளை காலை பார்க்கலாம் என்று விடாதீர்கள். ஊசிக் கணக்கும் இதோடு சேர்ந்ததுதான்: முதல் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்துக்குள், பிறகு 3–4 வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் ஆகும்வரை. வெறிநோய் ஊசி 3 மாதத்தில். இது முடியும்வரை தெருநாய்கள் புழங்கும் கரைக்குக் குட்டியை இறக்கிவிட வேண்டாம். தோளில் தூக்கிக்கொண்டு போய் ஆள், வண்டி, ஆடு, படகு எல்லாவற்றையும் காட்டலாம், காட்டவும் வேண்டும். மூன்றரை மாதத்துக்குள் பார்க்காததைக் கண்டுதான் பெரும்பாலான நாய்கள் பிறகு மிரளும்.

## வீட்டுக்குள்ளேயே ஒன்றுக்குப் போகிறது

எனக்கு வருகிற புகாரில் பாதி இதுதான். எப்போது, எங்கே போகிறது என்று ஒரு நாள் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் போகிறது என்றால் அது குட்டியின் இயல்பு. இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. மூன்று மாதம் என்றால் மூன்று, மூன்றரை மணி நேரம். நீங்கள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக் கண்ணயர்ந்தால் அது என்ன செய்யும்? எழுந்தவுடன், தின்றவுடன், ஆடியவுடன் வெளியே தூக்கிக்கொண்டு போங்கள். நடத்திக் கூட்டிப்போனால் வாசற்படி தாண்டும் முன்பே உட்கார்ந்துவிடும், முதல் சில நாள் தூக்குவதுதான் நல்லது. ராத்திரியும் ஒரு தடவை எழத்தான் வேண்டும்.

வெளியே சும்மா நின்றுவிட்டு, உள்ளே வந்ததும் போகிறது என்றால் நீங்கள் அவசரப்படுகிறீர்கள். வெளியே கோழி, காகம், கருவாட்டு வாசம் என்று ஆயிரம் இருக்கிறது, அது வந்த வேலையை மறந்துவிடுகிறது. கயிற்றில் பிடித்து ஒரே இடத்தில் நில்லுங்கள். பேசாதீர்கள், போனைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் சரிதான். போய் முடித்த அந்த நொடியில் ஒரு துண்டு அவித்த மீன். உள்ளே வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கூலி என்றுதான் அது நினைக்கும்.

மிதியடி, சாக்கு, திண்ணையில் குவித்த வலை, இவற்றின் மேலேயே போகிறது என்றால் இதை நம் கடற்கரை வீடுகளில்தான் அதிகம் பார்க்கிறேன். மணலில் பிறந்து மணலில் வளர்ந்த குட்டிக்குக் காலுக்கு அடியில் சொரசொரப்பு பட்டால் அது கழிப்பிடம். ஆடி மாதம் காற்றடித்துத் திண்ணை முழுக்க மணல் படிந்திருக்கும், அது குட்டியின் கணக்கில் கொல்லைப்புறம்தான். மிதியடியை ஒரு மாதம் எடுத்து வையுங்கள், வலையை உயரத்தில் போடுங்கள், திண்ணையை இரண்டு வேளை பெருக்குங்கள். கொல்லையில் ஒரு மூலை மணலை அதற்கென்று விட்டுவிடுங்கள். இவ்வளவு செய்தாலே பல வீட்டில் ஒரே வாரத்தில் நின்றுவிடுகிறது.

ஒரே மூலையில் திரும்பத் திரும்ப போகிறது என்றால் வாசம் மிச்சம் இருக்கிறது. சிமெண்ட் தரை ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், நமக்குத் தெரியாத வாசம் அதற்குத் தெரியும். பினாயில் ஊற்றாதீர்கள். வாசம் போவதில்லை, நக்கினால் குட்டிக்கு விஷம் வேறு. சோப்புத் தண்ணீரில் கழுவி, பிறகு வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்துக் காய விடுங்கள். அந்த மூலையிலேயே சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டால் இன்னும் நல்லது. தின்கிற இடத்தில் அது போகாது.

உங்களைக் கண்டதும் பம்மிக்கொண்டு, வாலைச் சுருட்டிச் சொட்டு விடுகிறது என்றால் அது பயமும் பணிவும் கலந்தது. திட்டினால் கூடும். வீட்டுக்குள் நுழைந்ததும் குனிந்து கொஞ்சாமல், கண்ணைப் பார்க்காமல் கடந்து போங்கள். அது அமைதியானபின் உட்கார்ந்து தடவுங்கள். வளர வளர நின்றுவிடும்.

பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சொட்டுச் சொட்டாக, முக்கி முக்கிப் போகிறது, நிறம் சிவந்திருக்கிறது, அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது என்றால் இதில் பழக்கம் எதுவும் இல்லை, நீர்ப்பாதையில் தொற்று. மருத்துவரைப் பாருங்கள். அதற்கு முன் குடிக்க என்ன தண்ணீர் வைக்கிறீர்கள் என்று பாருங்கள். வீட்டில் நாம் நல்ல தண்ணீரைக் குடக்கணக்கில் காசு கொடுத்து வாங்கிக் குடிப்போம், நாய்க்கு உப்புக் கரிக்கிற போர் தண்ணீரை வைப்போம். உப்புத் தண்ணீர் குடித்தால் வயிறும் இளகும், தாகமும் கூடும், ஒன்றுக்கும் கூடும். அதற்கும் நல்ல தண்ணீர்தான்.

மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்ப்பது பற்றி: ஐந்து நிமிடம் முன்பு செய்ததற்கு இப்போது அடி விழுகிறது என்று குட்டிக்குத் தெரியாது. உங்கள் முன்னால் போகக்கூடாது என்று மட்டும் புரியும். அப்புறம் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்து போகும், நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

## கை, கால், கைலி எல்லாம் கடிக்கிறது

விளையாட்டில் கடிக்கிறது, வால் ஆடுகிறது, உடம்பு தளர்வாக இருக்கிறது. எட்டு வாரத்துக்கு முன்பே தாயிடம் இருந்து பிரித்த குட்டிகள் அழுத்திக் கடிக்கும். கூடப் பிறந்ததுகளோடு கடித்து விளையாடி "இவ்வளவு கடித்தால் வலிக்கும்" என்று கற்றுக்கொள்ளும் காலம் அதற்குக் கிடைக்கவில்லை. நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும். பல் பட்டதும் விளையாட்டை நிறுத்துங்கள். எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி அரை நிமிடம், பிறகு வந்து தொடருங்கள். வீட்டில் எல்லோரும் இப்படியே செய்ய வேண்டும். மாமா மட்டும் கையை வாய்க்குள் கொடுத்து "கடிடா, கடிடா" என்று விளையாடினால் மற்றவர் பாடு வீண்.

கைலி நுனியையும் சேலை முந்தானையையும் பிடித்துத் தொங்குகிறது. காற்றில் படபடக்கிற துணியும் ஓடுகிற எலியும் அதற்கு ஒன்றுதான். உதறி இழுத்தால் விளையாட்டு சூடு பிடிக்கும். அப்படியே நில்லுங்கள், கைலியை மடித்துக் கட்டுங்கள், வேறொரு முறுக்கிய துணியை வாயருகில் ஆட்டிக் கொடுங்கள். சின்னப் பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடுவதுதான் இதில் பெரிய சிக்கல். பிள்ளைகளுக்கு "மரம் மாதிரி நில்லு" என்று சொல்லிக் கொடுப்பது, குட்டிக்குச் சொல்லிக் கொடுப்பதைவிடச் சுலபம்.

நாலு மாதத்துக்கு மேல், எதைக் கண்டாலும் மெல்லுகிறது. பால்பல் 28 விழுந்து 42 பல் முளைக்கிற நேரம், ஆறு ஏழு மாதம் வரை ஈறு குறுகுறுக்கும். பழைய பருத்தித் துண்டை நனைத்து முறுக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் கொடுங்கள், கேரட் கொடுங்கள். நைலான் கயிறும் வலைத் துண்டும் எப்போதும் வேண்டாம். காரணம் கீழே கரைப் பகுதியில் வரும்.

ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொட்டால் மட்டும் கடிக்க வருகிறது. வலி. வெளிச்சத்தில் உட்கார வைத்து மூன்று இடம் பாருங்கள். காதை மடித்து உள்ளே உண்ணி இருக்கிறதா, கால் விரல் இடுக்கு, பாதத்தின் அடி. சீமைக்கருவேல முள் ஏறி நுனி உள்ளேயே ஒடிந்துவிட்டால் மேலே ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் தெரியும், சுற்றிச் சிவந்து தடித்திருக்கும். நுனி வெளியே தெரிந்தால் புருவம் பிடுங்கும் இடுக்கியால் நேராக இழுத்துவிடலாம். தெரியவில்லை என்றால் ஊசி வைத்துத் தோண்டாதீர்கள், மருத்துவர் எடுக்கட்டும். உண்ணியையும் தோலோடு ஒட்டிப் பிடித்து மெதுவாக நேரே இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய், பீடி நெருப்பு எதுவும் வேண்டாம். உண்ணி நிறைய ஏறி, குட்டி சோர்ந்து காய்ச்சலும் அடித்தால் ரத்தப் பரிசோதனை தேவைப்படும்.

தோல் கிழிந்து ரத்தம் வந்துவிட்டால் பயிற்சிப் பேச்சை ஒதுக்கிவையுங்கள். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெறிநோய் ஊசி அங்கே இலவசம். "நம்ம குட்டிதானே, மூணு மாசம்தானே" என்பது கதைக்கு ஆகாது. குட்டிக்கும் வெறிநோய் வரும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் வைக்காதீர்கள்.

இங்கேயே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குட்டி வாய் திறந்தபடி, எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் இருந்தால் நம் ஊரில் எல்லோரும் முதலில் சொல்வது "தொண்டையில மீன் முள்ளு சிக்கிருச்சு" என்பதுதான். உடனே கையை உள்ளே விடுவார்கள். வெறிநோயிலும் தாடை இப்படித்தான் தொங்கும். முள்ளாக இருந்தாலும் சரி, கையை விடாமல் மருத்துவரிடம் கொண்டு போங்கள். தெருநாய் கடித்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் கட்டாயம் முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டுப் போங்கள்.

## ராத்திரி அழுகிறது, தனியே விட்டால் ஊளையிடுகிறது

வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தாயும் கூடப்பிறப்பும் இல்லாமல் முதன்முதலாகத் தூங்குகிறது. கொல்லையில் கட்டிவிட்டு "அழுது பழகட்டும்" என்பது எனக்கு உடன்பாடில்லாத வைத்தியம். நீங்கள் படுக்கிற பாய்க்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு அட்டைப்பெட்டி, அதில் உங்கள் பழைய சட்டை. அழுதால் விரலைக் கொடுங்கள், வெளியே தூக்கிக் கொஞ்ச வேண்டாம். பிறகு நாளுக்குக் கொஞ்சமாகப் பெட்டியை வாசல் பக்கம் நகர்த்துங்கள்.

நடு இரவில் ஒரே நேரத்தில் அழுகிறது. ஒன்றுக்கு வருகிறது. விளக்கைப் போடாமல் வெளியே கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து படுக்க வையுங்கள். ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முடித்துவிட்டால் இது குறையும்.

இத்தனை நாள் நன்றாக இருந்தது, ஜூன் நடுவில் திடீரென்று ஊளை. விசைப்படகு வீடுகளில் இது வருடா வருடம் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. ஆம்பிளைகள் வீட்டில் இருக்கிறார்கள், பள்ளிக்கூடமும் லீவு. அந்த நேரத்தில் வாங்கிய குட்டி ஒரு நிமிடம்கூடத் தனியாக இருந்து பழகவில்லை. தடை முடிந்து படகு இறங்கியதும், பள்ளிக்கூடமும் திறந்ததும், வீடு ஒரே நாளில் காலி. தடைக்காலத்திலேயே தனிமையைச் சின்னச் சின்ன அளவாகக் கொடுங்கள்: கதவைச் சாத்தி ஒரு நிமிடம், திரும்பி வாருங்கள், ஐந்து நிமிடம், அரை மணி நேரம். அழுவதற்குள் திரும்பி வருவதுதான் சூட்சுமம். போகும்போது பிரியாவிடை கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஊளை தொடங்கிவிட்டது என்றால் மறுபடி ஒரு நிமிடத்தில் இருந்து தொடங்க வேண்டியதுதான். அதுவரை பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கொஞ்ச நேரம் விட்டு வையுங்கள்.

வயிறு பானை மாதிரி உப்பி, பின்பக்கத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு அழுகிறது. குடல்புழு. இரண்டாவது வாரத்தில் இருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பூச்சி மருந்து தேவை. எடை பார்த்துத்தான் அளவு, மனிதர் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது வேண்டாம்.

கதவைப் பிறாண்டி நகம் பெயர்கிறது, தன் காலையே கடித்துப் புண்ணாக்குகிறது என்றால் வீட்டு வைத்தியத்தின் எல்லை அதுதான். நடத்தை தெரிந்த மருத்துவரிடம் பேசுங்கள்.

## கூப்பிட்டால் வருவதில்லை

ஒரு வீட்டில் அப்பா "டைகர், கம்" என்கிறார், அம்மா "வாடா இங்க", ஆச்சி "தோ தோ தோ", பையன் விசிலடிக்கிறான். குட்டிக்குப் பெயர் எது, கட்டளை எது என்றே தெரியவில்லை. எல்லோரும் உட்கார்ந்து ஒரே சொல்லை முடிவு செய்யுங்கள். எதுவானாலும் சரி, ஆச்சிக்கு வருகிற சொல்லாக இருந்தால் நல்லது, ஏனென்றால் பகலில் குட்டியோடு இருப்பது ஆச்சிதான்.

அடுத்து, எதற்காகக் கூப்பிடுகிறீர்கள்? வந்தால் குளிப்பாட்டுகிறீர்கள், வந்தால் கட்டிப்போடுகிறீர்கள், வந்தால் செருப்பைக் கடித்ததற்கு அடி. வராமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம். பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை ஒரு துண்டு கோழியோ முட்டையோ கொடுத்துத் திரும்பப் போக விடுங்கள். குளிப்பாட்ட வேண்டுமென்றால் கூப்பிடாதீர்கள், நீங்கள் போய்த் தூக்குங்கள்.

கூலிக்குக் கருவாடு வேண்டாம், உப்பு. சாளை, சூடை, நெத்திலி எதையும் உப்பில்லாமல் அவித்து முள் எடுத்துக் கொடுங்கள். சுண்டுவிரல் நக அளவு போதும்.

வீட்டில் வருகிறது, வெளியே வரவில்லையா? ஐந்து மீட்டர் லேசான கயிற்றைக் கழுத்துப்பட்டையில் கட்டித் தரையில் இழுபட விடுங்கள். கூப்பிட்டும் வரவில்லை என்றால் கயிற்றை மிதியுங்கள், துரத்தாதீர்கள். துரத்தினால் அதற்குப் பிடிச்சு விளையாட்டு. மீன் இறங்குகிற நேரத்தில் கரையில் நின்று கூப்பிட்டுப் பார்க்காதீர்கள், அந்த வாசத்தோடு எந்தக் குட்டியும் போட்டி போடாது. கொல்லையில் சரியாக வந்தபின் தெரு, தெருவில் வந்தபின் கரை.

எதற்குமே திரும்பவில்லை என்றால் காதைச் சோதியுங்கள். குட்டி வேறு பக்கம் பார்த்திருக்கும்போது, அதன் கண்ணில் படாமல் பின்னால் தள்ளி நின்று டம்ளரில் கரண்டியால் தட்டுங்கள். தரையில் தட்ட வேண்டாம், அதிர்வு தெரிந்து திரும்பிவிடும். முழு வெள்ளைக் குட்டிகளில் பிறவிச் செவிடு வருவதுண்டு. ராஜபாளையம் வாங்குகிறவர்கள் வாங்கும் இடத்திலேயே இதைப் பார்த்துவிடுங்கள். செவிட்டுக் குட்டியையும் கைச் சைகையால் பழக்கலாம், ஆனால் கயிறில்லாமல் வெளியே விடக்கூடாது.

## கரையில் கிடப்பதை எல்லாம் வாயில் போடுகிறது

மற்ற ஊர்க்காரர்களுக்கு இது செருப்புப் பிரச்சினை. நமக்கு உயிர்ப் பிரச்சினை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் பழக்குவது "விடு". ஒரு கையில் சோற்றுருண்டை மூடி வையுங்கள். குட்டி நக்கும், பிறாண்டும், மோந்து பார்க்கும். கையைத் திறக்காதீர்கள். முகத்தைத் திருப்பிய அந்தக் கணம் "விடு" என்று சொல்லி, மறு கையில் இருந்து மீன் துண்டு. மூடிய கைக்குப் பிறகு திறந்த கை, பிறகு தரை, பிறகு நடந்து போகும்போது தரையில் கிடப்பது. ஏற்கெனவே வாயில் எடுத்துவிட்டால் பிடுங்கப் போகாதீர்கள், அவசரத்தில் விழுங்கிவிடும். அதைவிட ருசியானதை மூக்கருகில் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். இந்தப் பண்டமாற்றுக்காகவே நான் சட்டைப் பையில் எப்போதும் ஏதாவது வைத்திருப்பேன், துவைக்கிறவர் திட்டினாலும்.

இனி விழுங்கிவிட்டால்:

பேத்தை. வயிறு பந்தாக உப்பும் அந்த மீனை வலையில் இருந்து கழித்துக் கரையில் எறிந்திருப்பார்கள். காய்ந்து கிடந்தாலும் விஷம் போகாது. வாந்தி, எச்சில், பின்னங்கால் தள்ளாட்டம், பிறகு மூச்சுத் திணறல். இதற்கு முறிவு மருந்து இல்லை, மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் மருத்துவம். ஆகவே அறிகுறிக்குக் காத்திருக்காதீர்கள், கடித்ததைப் பார்த்தாலே வண்டியை எடுங்கள். உப்புக் கரைசல், மோர், வசம்பு எதையும் வாயில் ஊற்றாதீர்கள். தள்ளாடுகிற குட்டிக்கு ஊற்றியது நுரையீரலுக்குள் போகும்.

தூண்டில் முள், தங்கூசி என்கிற நைலான் நூல். வாயில் இருந்து நூல் தொங்குகிறது என்றால் இழுக்கக் கூடாது. மறுமுனையில் முள் தொண்டையிலோ குடலிலோ மாட்டியிருக்கும். நூலை ஒட்ட வெட்டவும் கூடாது, மருத்துவருக்கு அது அடையாளம். உதட்டில் முள் ஏறியிருந்தாலும் பின்னோக்கி இழுத்தால் கொண்டி சதையைக் கிழிக்கும். படகைக் கரையேற்றி வலை பின்னுகிற தடைக்காலத்தில் இந்த ஆபத்து அதிகம். நூல் விழுங்கியதைப் பார்க்கவில்லை, ஆனால் இரண்டு நாளாக வாந்தி, வெளிக்குப் போகவில்லை என்றாலும் இதைச் சந்தேகியுங்கள். இதற்கு எக்ஸ்ரே, ஸ்கேன், ஒருவேளை அறுவை வரை போகும். இந்தப் பட்டியலிலேயே செலவு அதிகமானது இதுதான்.

திருக்கை, கெளுத்தி முள். குத்தியிருந்தால் மருத்துவர். ஒதுங்கிய சொறி என்கிற ஜெல்லி மீன் செத்துக் கிடந்தாலும் சுடும். மூக்கையும் வாயையும் கடல் தண்ணீரால் கழுவுங்கள், முகம் வீங்கினால் உடனே கொண்டு போங்கள். கடல் தண்ணீர் குடித்துவிட்டுப் பேதி என்றால் நல்ல தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பேதி நிற்காமல் குட்டி தள்ளாடினால் மருத்துவர்.

ராமேஸ்வரம் தீவில் இருப்பவர்கள் ஒன்றை முன்பே செய்து வையுங்கள். ராமநாதபுரத்து மருத்துவரிடம் போக 50 கிலோமீட்டருக்கு மேல். பாம்பன் பாலம் தாண்டி ராத்திரியில் போகும்போது மருத்துவர் இருக்கிறாரா என்று தேட முடியாது. இரண்டு மருத்துவர் எண்ணாவது போனில் இருக்கட்டும்.

## நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொள்கிறது

புறங்கையை மணலிலோ தார் ரோட்டிலோ ஏழு விநாடி வையுங்கள். வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் முடியாது. காலை ஏழுக்கு முன், மாலை ஆறுக்குப் பின் நடங்கள். சூடு இல்லை என்றால் கழுத்துப்பட்டைக்குள் இரண்டு விரல் போகிறதா பாருங்கள், அப்புறம் பாதத்தில் முள். எதுவும் இல்லை, வெறும் பயம் என்றால் தரதரவென்று இழுக்காதீர்கள். இரண்டடி முன்னால் குந்தி உட்கார்ந்து கூப்பிட்டு, வந்தால் கூலி. எதிர்மாறாகக் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடுகிறதா? கயிறு விறைத்ததும் நில்லுங்கள், தளர்ந்ததும் நடங்கள். முதல் வாரம் தெருமுனை தாண்ட மாட்டீர்கள், பரவாயில்லை.

வெயிலில் நடந்து வந்தபின் மூச்சு வாங்கல் அடங்காமல், ஈறு செக்கச் செவேலென்று, நடை தடுமாறினால் வெப்பத்தாக்கு. நிழலில் போட்டு சாதாரணத் தண்ணீரை வயிறு, தொடை, பாதம் எங்கும் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் போங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

## ஆட்டையும் கோழியையும் விரட்டுகிறது

சிப்பிப்பாறையும் கன்னியும் ராஜபாளையமும் வேட்டைக்கென்றே வளர்த்தவை. ஓடுவதைத் துரத்தாதே என்று அடித்துப் பழக்க முடியாது. ஆறு மாதம் வரை கயிறு இல்லாமல் ஆடு மேயும் பக்கம் விடாதீர்கள். ஆட்டைத் தூரத்தில் பார்த்து, உங்களைத் திரும்பிப் பார்க்கும் நொடிக்குக் கூலி கொடுங்கள், தூரத்தை வாரா வாரம் குறையுங்கள். ஒரு கோழியைக் கடித்துக் கொன்றுவிட்டால் கோழிக்காரருக்கு அன்றே காசைக் கொடுத்துவிடுங்கள், ஊர்ப் பகை நாயோடு நிற்காது. தை, மாசியில் தனுஷ்கோடிப் பக்கம் ஆமை முட்டையிடும் மணலிலும் கயிறு கட்டாயம்.

## சோறு தின்னும்போது உறுமுகிறது

தட்டைப் பிடுங்கி "யாரு எஜமான்" என்று காட்டுகிற வேலைதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். தட்டின் பக்கம் கை வரும்போதெல்லாம் கை எதையாவது போட்டுவிட்டுப் போகட்டும், எடுத்துக்கொண்டு போகக் கூடாது. மூன்றடி தள்ளி நின்று எறிவதில் தொடங்குங்கள். இரண்டு குட்டி இருந்தால் தட்டு தனித்தனியாக, இடம் தனித்தனியாக. உடம்பு விறைத்து, கண் வெள்ளை தெரிய, கடிக்கவே வந்துவிட்டது, வீட்டில் தவழும் பிள்ளை இருக்கிறது என்றால் நீங்களே சரி செய்ய முயல வேண்டாம். பயிற்சியாளரை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். அடித்துப் பழக்குகிறேன், சங்கிலியில் தூக்குகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

## திருவிழா வெடிக்கு ஒளிகிறது

ஒளிய விடுங்கள். இழுத்து வெளியே கொண்டுவந்து "பயப்படாதே" என்று பழக்குவது நடக்காது. உள் அறை, மூடிய ஜன்னல், ஓடுகிற மின்விசிறி. கழுத்தில் உங்கள் போன் எண் எழுதிய பட்டை, ஏனென்றால் வெடிக்கு ஓடிய குட்டிதான் அதிகம் தொலைகிறது. திருவிழா இல்லாத நாளில் வெடிச் சத்தத்தைப் போனில் மிக மெல்ல ஒலிக்க விட்டுச் சோறு கொடுத்துப் பழக்கலாம். நடுக்கம் மறுநாளும் அடங்கவில்லை என்றால் மருந்து இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள்.

## எல்லாம் பழகியது, திடீரென்று மறந்துவிட்டது

வயதைப் பாருங்கள். ஆறு, எட்டு மாதம் என்றால் விடலைப் பருவம். ஆண் குட்டி காலைத் தூக்கி வீட்டு மூலையெல்லாம் அடையாளம் வைக்கும், பெண் குட்டிக்கு முதல் பருவம் 6 முதல் 12 மாதத்துக்குள் வரும். ஒரு மாதத்துக்கு மூன்று மாதக் குட்டியாக நினைத்து மறுபடி முதலில் இருந்து: கயிறு, கூலி, நேரம். கருத்தடை பற்றி இந்தச் சமயத்தில் மருத்துவரிடம் பேசலாம்.

வயதும் பொருந்தவில்லை, வீட்டிலும் எதுவும் மாறவில்லை, ஆனாலும் இரண்டு மூன்று நாளில் குணம் தலைகீழாக மாறிவிட்டது என்றால் உடம்பில்தான் ஏதோ இருக்கிறது. மருத்துவரிடம் போகும்போது தடுப்பூசி அட்டை, கடைசியாகப் பூச்சி மருந்து கொடுத்த தேதி, என்ன தின்றது என்ற விவரம் கையில் இருக்கட்டும். பேதி என்றால் ஒரு சின்ன டப்பாவில் மலமும் எடுத்துப் போங்கள். குட்டி செய்வதைப் போனில் படம் பிடித்துக் காட்டுங்கள். மருத்துவமனை மேசையில் ஏற்றினால் எந்தக் குட்டியும் வீட்டில் செய்ததைச் செய்து காட்டாது.